கன்டினியூட்டி மொட்டை

நான் பெருமைப்பட்டுக்கொள்ள இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, இடுப்புக்குக் கீழே இறங்கும் என் பின்னல். இன்னொன்று என் வாய். பின்னலை ஊரே மெச்சியது. வாயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கள்ளக்குறிச்சியில் நான் படித்த கல்லூரியில் காட்சித் தொடர்பியல் என்று ஒரு துறை இருந்தது. துறை என்றால் ஒரு கேமரா, இரண்டு கம்ப்யூட்டர், பத்தொன்பது மாணவர்கள், ஒரு கமலா மேடம். யார் படம் எடுத்தாலும் முதலில் வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும். மற்ற பதினெட்டுப் பேரும் வரிசையாகக் குறை சொல்வார்கள். படம் எடுத்தவர் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொள்ளலாம். பேசக் கூடாது. எழுதியதை வைத்துப் படத்தைத் திருத்தி மறுபடியும் போட வேண்டும். பாதி மதிப்பெண் திருத்தத்துக்குத்தான்.

இரண்டாம் ஆண்டில் என் முதல் படத்தைப் போட்டபோது அரங்கநாதன் எழுந்து, "கேமரா ஆடுது" என்றான்.

"கேமரா ஆடல. உன் தலதான் ஆடுது" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கடைசியில் டஸ்டர் பறந்தது. அவன் சட்டையில் சுண்ணாம்பு, எனக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். திரும்பி வந்த அன்று கமலா மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அமிர்தம், கடைசி வருஷப் படத்துக்கும் இதே நாற்காலிதான், இதே விதிதான். உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்தாலும் படத்தை நிறுத்திடுவேன். படம் இல்லேன்னா டிகிரி இல்ல. புரியுதா?"

புரிந்தது. வீட்டில் சொன்னபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். என் வாயை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

என் அப்பா பொன்னுரங்கம் சங்கராபுரம் பக்கம் குத்தகை நிலத்தில் கரும்பு வைக்கிறவர். கடைசி வருஷப் படத்துக்கு அவர்தான் நாயகன். படத்தின் பெயர் 'எடை'. பதினோரு நிமிஷம். ஒரு விவசாயி டயர் வண்டியில் கரும்பேற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிறார். முன்னால் டிராக்டரும் வண்டியுமாக நீள வரிசை. இரண்டு பகல் காத்திருக்கிறார். கரும்பு காய்கிறது. எடை மேடையில் ஏறும்போது சரக்கு குறைந்துவிடுகிறது. எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பி நடக்கிறார். அவ்வளவுதான் கதை.

அப்பாவை ஏன் போட்டேன் என்றால், அவரும் சும்மா வருவார், வண்டியும் மாடும் கூடவே சும்மா வரும். ஒரே ஒரு கஷ்டம். கேமராவைக் கண்டால் அப்பா நின்று, நெஞ்சை நிமிர்த்தி, ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்க வந்தவர் போல நேராக அதைப் பார்ப்பார்.

"அப்பா, கேமராவப் பாக்காத!"

"நான் எங்க பாத்தேன்?"

"இப்பக்கூடப் பாக்குறியே!"

"அது என்னியப் பாக்குது, நான் பாக்காம இருந்தா மரியாத இல்லாத மாதிரி கீதும்மா."

நாற்பத்து மூன்று டேக். கேமரா பிடித்த செல்லமுத்து என் வகுப்புத் தோழன், பரம சாது. அவனே நாற்பதாவது டேக்கில் தரையில் உட்கார்ந்துவிட்டான். கடைசிக் காட்சியில் அப்பா சீட்டைப் படித்துவிட்டு வருத்தப்பட வேண்டும். ஒவ்வொரு தடவையும் சீட்டைப் படித்துவிட்டு, என்னையும் கேமராவையும் பார்த்துச் சிரித்தார். வேறு வழியில்லாமல் முதுகுப் பக்கமாகப் போய் நின்று, அவர் நடந்து போவதை எடுத்துப் படத்தை முடித்தேன். ரொம்ப நுட்பமான முடிவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை படத்தை வகுப்பில் போட்டேன். விளக்கு எரிந்ததும் நாற்காலியில் போய் உட்கார்ந்து பேனாவைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டேன். வாய்க்குள் ஏதாவது இருந்தால் பேச்சு வராது என்று ஒரு கணக்கு.

"கரும்பு ஜாஸ்தி, கத கம்மி" என்றாள் ஒருத்தி.

"மாடு நல்லா நடிச்சிருக்கு" என்றான் ஒருவன்.

"ஒரு பாட்டு வெச்சிருக்கலாம்."

"பாட்டே இல்லாததுதான் நல்லா இருக்கு."

"ஹீரோ ஆறு எடத்துல நம்மளப் பாக்குறாரு. எனக்குப் பயமா இருந்துச்சு."

எல்லாவற்றையும் எழுதினேன். பேனாவை வாயிலிருந்து எடுத்து எழுதுவது, மறுபடி வாயில் வைப்பது. கடைசியாக அரங்கநாதன் எழுந்தான். தியாகதுருகத்தில் செல்போன் கடைக்காரர் மகன். சட்டையை ஒரு முறை இழுத்துவிட்டுக்கொண்டு, எச்சரிக்கையாக டஸ்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசினான்.

"பத்து நிமிஷம் அந்த மனுஷன்கூடவே வெயில்ல நிக்கிறோம். எடை கொறஞ்சிருச்சுன்னு சீட்டு வருது. அப்ப அவரு மூஞ்சியப் பாக்கணும் இல்ல? முதுகக் காட்டிட்டா எப்படி? அங்க ஒரு குளோசப் இல்லேன்னா இது படமே இல்ல."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஏனென்றால் அவன் சொன்னது சரி. தப்பாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பேனா மூடியைக் கடித்ததில் அது இரண்டாகப் போனது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நாற்பது நிமிஷம், ஒரு வார்த்தை இல்லை. கமலா மேடம் வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு என்னை ஒரு மாதிரி ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நல்லது. கடைசிக் காட்சியத் திருத்திக்கோ. மூணு வாரம் டைம்."

வெளியே வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, இன்னிக்கு நான் வாயே தொறக்கலப்பா. ஒரு வார்த்த பேசல."

"நெசமாவா?" என்றார்.

"நெசமாத்தான்."

"எம்மேல சத்தியமா?"

"உம்மேல சத்தியமா."

"சரி, போன வையி" என்று வைத்துவிட்டார். படம் எப்படி இருந்தது என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சனிக்கிழமை செல்லமுத்துவும் நானும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனோம். ஒரே ஒரு குளோசப். அரை மணி நேர வேலை. எப்படியாவது அப்பாவை மிரட்டி எடுத்துவிடலாம் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தோம். தெருமுனையிலேயே தெரிந்தது, வேப்பமரத்து நிழலில் கயிற்றுக்கட்டிலில் யாரோ ஒரு மொட்டை உட்கார்ந்திருந்தது. தலை முழுக்கச் சந்தனம்.

"யாரு அது, உங்க பெரியப்பாவா?" என்று செல்லமுத்து கேட்டான்.

அது என் நாயகன். மீசையும் இல்லை.

செல்லமுத்து கேமராப் பையை மெதுவாகத் தரையில் வைத்தான். நான் பையைத் தரையில் போட்டேன்.

"இன்னாப்பா பண்ணிட்ட?"

"மல ஏறி முடி எறக்கிட்டு வந்தேன். நேத்துக் காலையில மொத பஸ்ஸுக்கே பூட்டேன்" என்றார் அப்பா, சந்தோஷமாக. எங்கள் குலசாமி கல்வராயன் மலைமேல், வெள்ளிமலை போகும் வழியில் ஒரு ஓடைக்கரையில் இருக்கிறது.

"இன்னாத்துக்கு இப்பப் போயி முடி எறக்குன?"

அம்மாதான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்.

"நீ ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, யாருகூடவும் சண்ட போடாம வாய மூடிக்கினு உக்காந்துட்டு வந்தா முடி எறக்குறேன்னு வேண்டிக்கினாருடி."

"எப்ப?"

"நீ மூணாவது படிக்கச்சொல்லோ. வாத்தியாரு கூப்புட்டு அனுப்புனாரே, அப்ப."

பன்னிரண்டு வருஷமாகப் பலிக்காத வேண்டுதல் வியாழக்கிழமைதான் பலித்திருக்கிறது. மனுஷர் வெள்ளிக்கிழமையே தீர்த்துவிட்டார். சாமிக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடக் கூடாதாம்.

அன்று முழுக்க நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விட்டது. படத்தில் பத்தரை நிமிஷம் தலை நிறைய முடியும் முறுக்கிய மீசையுமாக வருகிற ஆள், அடுத்த ஷாட்டில் மொட்டையாக நின்றால் அதற்குக் கன்டினியூட்டி போச்சு என்று பெயர். முன்னால் இருந்தது பின்னாலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இதை அப்பாவுக்கு நாலு தடவை விளக்கினேன்.

"முடிதானே, வளரும்" என்றார்.

"மூணு வாரத்துலயா?"

"அதுக்கு நான் வேண்டிக்கலியே" என்றார்.

தலையில் துண்டு கட்டிப் பார்த்தோம். பல்வலிக்காரர் மாதிரி இருந்தது. மீசைக்கு என்ன செய்வது? தெருக்கூத்து ஜமாவிலிருந்து ஒரு டோப்பாவும் மீசையும் வாங்கி வந்தான் செல்லமுத்து. அதை வைத்ததும் அப்பா எழுந்து நின்று, எடைச் சீட்டை ஓலை மாதிரி விரித்துப் பிடித்து, மீசையைத் தடவினார். போருக்கு நாள் குறிக்கிற ராஜாதான், சந்தேகமே இல்லை. அம்மா சிரித்துச் சிரித்து அடுப்பில் வைத்த சோற்றைக் குழைய விட்டாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் வந்த அழுகை என்று அப்போது நினைத்தேன். எனக்காக ஒருவர் பன்னிரண்டு வருஷம் தலையில் ஒரு கடனைச் சுமந்துகொண்டிருந்தார் என்பதும் அதில் இருந்தது.

சாயங்காலம் செல்லமுத்துதான் சொன்னான். "அமிர்தம், மொட்டைய ஏன் மறைக்கணும்? கதையிலயே மொட்ட அடிச்சுட்டா?"

அதுதான் திருத்தம். மறுநாள் முதல் காட்சிக்கு ஒரு ஷாட் எடுத்தோம். வரிசையில் நிற்கும்போது அவர் மலைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டு, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வண்டிக் கம்பில் கட்டுகிறார். சரக்கு எடை குறையாமல் போய்ச் சேர வேண்டும் என்று வேண்டுதல். தலை தெரியக் கூடாது என்பதால் கையை மட்டும் எடுத்தோம். கடைசியில் எடைச் சீட்டு, அவர் முதுகு, நடை. அதற்கு அப்புறம் புதிய குளோசப்: மொட்டைத் தலையோடு அதே சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார்.

"இரும்மா" என்றார் அப்பா. "எட கொறஞ்சு பூடுச்சே. வேண்டுதல் பலிக்கல. அப்புறம் இந்தாளு எதுக்கு முடி குடுக்குறான்?"

எனக்கும் அதுதான் உதைத்தது. "நீயே சொல்லு. நீ குடுப்பியா?"

அவர் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே யோசித்தார். "குடுப்பேன். வண்டி கவுறாம வந்துச்சு இல்ல? மாடு நொண்டாம வந்துச்சு இல்ல? சாமி பாதி செஞ்சுது. நாம அதுல போயி கணக்குப் பாக்க முடியுமா?"

சரி என்று கேமராவை வைத்தோம். முதல் டேக்கில் கேமராவைப் பார்த்தார். இரண்டாவதிலும் பார்த்தார். ஐந்தாவதில் எனக்கு வெறுத்துவிட்டது.

"பாருப்பா! நல்லாப் பாரு! கண்ணெடுக்காமப் பாத்துக்கினே இரு!" என்று கத்தினேன்.

பார்க்கச் சொன்னதும் அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. கேமராவைப் பார்க்கப் போனவர் பார்வையைக் கீழே இறக்கினார். சீட்டைப் பார்த்தார். வெறும் தலையை ஒரு தடவை தடவிக்கொண்டார். உதட்டோரம் சிரிப்பா வருத்தமா என்று சொல்ல முடியாத ஒன்று வந்து போனது. செல்லமுத்து கட் சொல்ல மறந்துபோனான். நானும்தான்.

திருத்திய படத்தை வகுப்பில் போடும்போது நடித்தவர்களையும் கூப்பிடலாம் என்று கமலா மேடம் சொல்லியிருந்தார். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, புதிதாக முளைத்த முடி தெரியாமல் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்தார். வகுப்பு வாசலில் என்னை நிறுத்தினார்.

"இன்னிக்கும் பேசக் கூடாதா?"

"கூடாது. இன்னிக்குத்தான் மார்க்கு போடுவாங்க."

அவர் முகம் சுருங்கியது. துண்டை லேசாக நகர்த்தித் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். "நீ உள்ள போ, வரேன்" என்று சொல்லிவிட்டு, வராந்தா ஓரம் மேற்குப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடி நின்றார். மேற்கில்தான் மலை. பாவம், பயந்து போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் ஓடியது. மஞ்சள் துணி வந்தபோது யாரோ 'உச்' கொட்டினார்கள். மொட்டைத் தலை குளோசப்பில் வகுப்பே அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்காக நான் இன்னும் ஐம்பது பேனாவைக் கடிப்பேன்.

விளக்கு எரிந்தது. அப்பா கடைசி பெஞ்சில் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார். நடித்தவர் இவர்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரோ விவசாயத் துறை ஆள் என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தி நல்லா இருக்கு என்றாள். இன்னொருவன் அழுதுட்டேன் என்றான். பிறகு அரங்கநாதன் எழுந்தான்.

"முகம் வந்துடுச்சு. அது நல்லது. ஆனா எனக்கு நம்ப முடியல. எடையே கொறஞ்சு போச்சு. அப்புறம் எவனாவது மொட்ட அடிச்சுக்குவானா? இவ்ளோ சின்ன விஷயத்துக்கெல்லாம் இந்தக் காலத்துல யாரு முடி குடுக்குறாங்க? சும்மா நம்ம கண்ணுல தண்ணி வரவெக்கப் பண்ண வேல."

நான் பேனாவைக் கடித்தேன்.

"இன்னொண்ணு. மேக்கப் சுமாரு. அந்த மொட்ட ஒட்ட வெச்ச மொட்டன்னு நல்லாத் தெரியுது. காது பக்கத்துல ரப்பர் மடிஞ்சிருக்கு."

அப்பாவின் காதோரம் சின்ன வயதில் மாடு முட்டிய தழும்பு. அதைத்தான் ரப்பர் என்கிறான். என் வாய் திறந்தேவிட்டது. முதல் எழுத்து நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அப்போது கடைசி பெஞ்சில் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்திருந்தார். இன்னொரு கையால் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தார். கண் இரண்டும் கெஞ்சின. அவருடைய மொட்டையைத்தான் பொய் என்கிறார்கள், துண்டை உருவிக் காட்டினால் ஒரு நொடியில் முடிந்துவிடும். அவர் உருவவில்லை. விதி தனக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிட்டார்.

வாயை மூடினேன். நோட்டில் 'ரப்பர்' என்று எழுதினேன்.

கமலா மேடம் என் நோட்டை வாங்கிப் புரட்டினார். "கேட்டதையும் திருத்தியிருக்க, கேக்காததையும் திருத்தியிருக்க. படம் தேறிடுச்சு" என்றார். வகுப்பு கை தட்டியது. அப்பாவும் தட்டினார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக்கொண்டு நின்றோம். அப்பா டீயை ஊதிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"அமிர்தம், ஞாயித்துக்கெழம உனக்கு வேல எதுனா கீதா?"

"இல்ல. ஏன்?"

"மலைக்குப் போயிட்டு வந்துர்லாம்."

"எதுக்கு?"

"இன்னிக்கும் நீ பேசாம இருக்கணும்னு வேண்டிக்கினேன்." டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "எந்தலயில ஒண்ணும் இல்ல. வெறுங்கையோட சாமிகிட்ட எப்படிக் கேக்குறது? அதான்..."

"அதான்?"

"உன் முடிய நேந்துக்கினேன்."

நாற்பது நிமிஷமும் அதற்கு முந்தைய நாற்பது நிமிஷமும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெளியே வந்தது. சேலம் பஸ்ஸில் ஏறப்போனவர்கள் படிக்கட்டில் அப்படியே நின்றார்கள். கண்டக்டர் விசில் ஊதவில்லை. டீக்கடைக்காரர் பாய்லர் தீயைச் சின்னதாக வைத்துவிட்டுக் கேட்டார். என் முடியை நேர்ந்துகொள்ள நீ யார், எண்ணெயும் சீயக்காயும் போட்டது யார், என்னை ஒரு வார்த்தை கேட்டாயா என்று நான் கேட்கக் கேட்க, அப்பா முகம் பிரகாசமாகிக்கொண்டே போனது.

"இப்ப எவ்ளோ வேணாலும் பேசு" என்றார். "கிளாஸ்ல பேசல இல்ல? அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையம் தாண்டி மலையேறியது பஸ். வளைவுக்கு வளைவு பின்னல் தோளில் வந்து விழ, நான் அதைத் தள்ளிவிட்டேன். அப்பாவோடு பேசவில்லை. ஓடையில் முங்கிவிட்டுக் கல்லில் உட்கார்ந்தேன். முடி எடுக்கிறவர் புது பிளேடைக் கத்தியில் மாட்டிக்கொண்டு, "பூமுடிதானுங்களே?" என்று கேட்டார். பூமுடி என்றால் நுனியில் மூன்று விரல்கடை வெட்டிக் கொடுப்பது.

"பூமுடி போதுங்க. பொம்பளப் புள்ள, காலேஜி போவுது" என்றார் அப்பா அவசரமாக. "சாமியும் ஒத்துக்கும். நான் பேசிட்டேன்."

மூன்று விரல்கடையோடு தப்பித்துப் போயிருக்கலாம். ஆனால் மறுநாள் திங்கட்கிழமை காலை என் கண் முன்னால் வந்து நின்றது. வகுப்பு. முதல் பெஞ்சில் அரங்கநாதன். இவ்ளோ சின்ன விஷயத்துக்கெல்லாம் யாரு முடி குடுக்குறாங்க என்று கேட்டானே, அதற்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கமலா மேடத்தின் விதி வாய்க்குத்தான். தலைக்கு அப்படி எதுவும் அவர் சொல்லவில்லை. கூடவே கடைசி பெஞ்சில் உதட்டில் விரல் வைத்து உட்கார்ந்திருந்த மனுஷனும் நினைவுக்கு வந்தார்.

"முழுசா எடுங்க" என்றேன்.

அப்பா என் பையிலிருந்து போனை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்கு எதிரே தண்ணீரில் இறங்கி நின்றார். உச்சியில் கத்தி பட்டது. முதல் கற்றை மடியில் விழுந்தது. எனக்குக் கண் நிறைந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"அமிர்தம்" என்றார் அப்பா, கண்டிப்பான குரலில். "கேமராவப் பாக்காத."